கல்லுக்குக் கீழே கரி: பழையபேட்டை வாத்தியார் பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், 'சின்ன நாடுகளில் உங்களுக்குப் பிடித்தது எது?' என்று கேட்டிருந்தார். பின்லாந்து என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். 'ரஷ்யாவுக்குப் பக்கத்தில் குடியிருந்தும் பிழைத்த நாடு' என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டேன். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பதினேழு பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுதான். சினிமா, சமையல், 'வாத்தியாருக்கு வயசென்ன' எல்லாம் அடுத்த முறை. கேட்டவர் பெயரைப் போடாமல் ஊரை மட்டும் போடும் வழக்கம் தொடர்கிறது.

கே: ரஷ்யா எங்கே, பின்லாந்து எங்கே! அடித்தால் ஒரே அடியில் போயிருக்க வேண்டுமே, எப்படி மிஞ்சியது? (காவேரிப்பட்டணம்)

ப: அளவை முதலில் பார்த்துவிடுவோம். 1939இல் பின்லாந்து ஜனத்தொகை சுமார் 37 லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்தையும் கூட்டினால் கிட்டத்தட்ட 34 லட்சம். அதாவது நம்ம ரெண்டு மாவட்டத்து ஜனம், கூடக் கொஞ்சம் பேர். எதிரே சோவியத் யூனியன், 17 கோடி.

அந்த வருடம் ஆகஸ்டு 23ஆம் தேதி ஹிட்லர் ஆட்சியும் ஸ்டாலின் ஆட்சியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. வெளியே சொன்னது, ஒருவரையொருவர் தாக்கமாட்டோம் என்பது. உள்ளே ரகசியமாக வைத்துக்கொண்டது, யார் பங்குக்கு எந்த நாடு என்பது. பின்லாந்து ஸ்டாலின் பங்கில் விழுந்தது. அந்த மேஜையில் பின்லாந்துக்காரர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அப்புறம் மாஸ்கோவிலிருந்து அழைப்பு வந்தது. பாசிகிவி என்ற பெரியவர் ரயிலேறிப் போனார். ஸ்டாலின் கேட்டது கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருந்தது. எல்லை எங்கள் லெனின்கிராட் நகரத்துக்கு 32 கிலோமீட்டரில் இருக்கிறது, ஊரை நகர்த்த முடியாது, எல்லையை நகர்த்துங்கள் என்றார். சில தீவுகளும் ஹாங்கோ துறைமுகமும் வேண்டும், பதிலுக்கு வடக்கே காட்டு நிலம் இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். பின்லாந்து மறுத்தது. எல்லையை ஒட்டிய மைனிலா என்ற ஊரில் நவம்பர் 26 அன்று குண்டுகள் விழுந்தன. பின்லாந்துதான் சுட்டது என்றது மாஸ்கோ. நான்கு நாள் கழித்து, நவம்பர் 30, ஹெல்சிங்கி மேல் விமானம் வந்தது.

மொலோட்டோவ் என்ற சோவியத் அமைச்சர், நாங்கள் குண்டு போடவில்லை, பட்டினி கிடப்பவர்களுக்கு உணவு போடுகிறோம் என்றார். பின்லாந்துக்காரர்கள் அந்தக் குண்டுகளுக்கு 'மொலோட்டோவின் ரொட்டிக்கூடை' என்று பெயர் வைத்தார்கள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளப் பானம் வேண்டாமா? பாட்டிலில் எரிபொருள் நிரப்பித் திரி போட்டு டாங்கி மேல் எறிந்தார்கள். 'மொலோட்டோவ் காக்டெயில்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பனிச்சறுக்குப் பலகையில் காட்டுக்குள் புகுந்து, நீளமாக வந்த படையைத் துண்டு துண்டாக நறுக்கி, குளிரிலேயே விட்டார்கள். 105 நாள் தாக்குப்பிடித்தார்கள்.

ஆனால் ஜெயிக்கவில்லை. இதை நம்மவர்கள் விட்டுவிட்டுத்தான் கதை சொல்கிறார்கள். 1940 மார்ச்சில் கையெழுத்துப் போட்டபோது ஸ்டாலின் முதலில் கேட்டதைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டியிருந்தது. நிலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது கரேலியா, அதில் இருந்த வீபுரி நகரம். அங்கே குடியிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாடு, சட்டி பானையோடு கிளம்பி வந்துவிட்டார்கள். அனேகமாக ஒருவரும் அங்கே தங்கவில்லை.

மிச்சக் கதையும் உண்டு, அது அத்தனை அழகில்லை. இழந்ததை மீட்க 1941இல் ஹிட்லர் படையோடு சேர்ந்து ரஷ்யா மேல் போனார்கள். மீட்டார்கள். போனவர்கள் திரும்பிப் போய்க் கூரை வேய்ந்தார்கள். 1944இல் மறுபடி தோற்று, மறுபடி சட்டி பானையைத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட ஊர் ரௌடியைக் கூட்டி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது கணக்கு. போதாததற்கு, அந்த ரௌடியை வெளியேற்றும் வேலையையும் இவர்கள் தலையில்தான் கட்டினார்கள். வடக்கே பின்வாங்கிய ஜெர்மன் படை ரோவனியெமி நகரத்தை எரித்துவிட்டுப் போனது.

கே: சண்டைதான் முடிந்ததே, அப்புறம் என்ன பிரச்சினை? (ஊத்தங்கரை)

ப: அப்புறம்தான் பிரச்சினையே. நஷ்டஈடாக 30 கோடி டாலர் கேட்டது மாஸ்கோ. பணமாக அல்ல, கப்பலாக, இயந்திரமாக, கேபிளாக, மரமாக. கப்பல் கட்டுவதைப் பெரிய தொழிலாக வைத்திராத நாடு, கடனைக் கட்டுவதற்காகவே கப்பல் கட்டக் கற்றுக்கொண்டது. 1952இல் கடைசிச் சரக்கு எல்லை தாண்டியது. அதே வருடம்தான் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக்ஸ்.

என்னை இதைவிடப் பாதிப்பது ஒரு ரயில். ஹெல்சிங்கிக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் போர்க்கலா என்ற இடத்தை 50 வருடக் குத்தகைக்கு எடுத்து சோவியத் கடற்படை உட்கார்ந்துகொண்டது. தலைநகரிலிருந்து துர்க்கு நகரத்துக்குப் போகும் ரயில் பாதை அதன் வழியேதான். ரயில் அந்த எல்லைக்கு வந்ததும் நிற்கும். ஜன்னல்களை வெளியிலிருந்து பலகை போட்டு அடைப்பார்கள். சோவியத் எஞ்சின் வந்து மாட்டிக்கொள்ளும். பட்டப்பகலில், சொந்த நாட்டில், இருட்டில் உட்கார்ந்தபடி அந்தத் துண்டைக் கடக்க வேண்டும். அந்தப் பக்கம் போனதும் பலகையைக் கழற்றுவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உலகத்திலேயே நீளமான சுரங்கப்பாதை'. குத்தகைக் காலம் முடியுமுன்பே, 1956 ஜனவரியில், போர்க்கலா திரும்பக் கிடைத்தது.

(எங்கள் கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஜன்னலை அடைத்த ரயிலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று விடுங்கள் என்று கேட்கும் நிலையில்தான் நாங்கள் இருக்கிறோம். அது வேறு கதை.)

கே: அடுத்த ஐம்பது வருடம் பின்லாந்து ரஷ்யாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தது. 'பின்லாந்துமயம்' என்று கேலிப் பெயரே உண்டாமே. இதையா பிடிக்கும் என்கிறீர்கள்? (தருமபுரி, கல்லூரி மாணவி)

ப: வாம்மா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

நீ சொல்வது உண்மை. 1948இல் மாஸ்கோவோடு ஒரு நட்பு ஒப்பந்தம் போட்டார்கள். கெக்கோனென் என்பவர் 25 வருடத்துக்கு மேல் ஜனாதிபதி. 1961 அக்டோபரில் மாஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வருகிறது, ராணுவ ஆலோசனை நடத்தலாமா என்று. அந்தச் சமயம் கெக்கோனென் ஹவாய் தீவில் ஓய்வில் இருக்கிறார். திரும்பி வந்து, சைபீரியாவில் இருக்கும் நோவோசிபிர்ஸ்க் வரைக்கும் போய் சோவியத் தலைவர் குருசேவைப் பார்த்துப் பேசி அதைத் தள்ளிப்போட வைத்தார். அதே நேரத்தில் தேர்தலில் அவருக்கு எதிராக நின்றவர் விலகிக்கொண்டார். 1973இல் தேர்தலே இல்லாமல் தனிச்சட்டம் போட்டு அவர் பதவியை நான்கு வருடம் நீட்டினார்கள். ரஷ்ய முகாம்களைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற நூலை அங்கே அச்சிடத் தயங்கி, பின்னிஷ் மொழிபெயர்ப்பு ஸ்வீடனில் அச்சானது. எல்லை தாண்டி ஓடிவந்த சோவியத் ஆட்களைப் பிடித்துத் திருப்பி ஒப்படைத்தார்கள். கடைசியில் சொன்னதைப் படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

ஆனால் கேலிப் பெயரை வைத்தது யார்? மேற்கு ஜெர்மனியில், அமெரிக்கப் படையின் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள். அதனால் உனக்கு என் அப்பா கதை ஒன்று சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். ராகி, ஊடே அவரை. பக்கத்து நிலம் நாற்பது ஏக்கர்காரருடையது. பெயர் வேண்டாம், பேரன்கள் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். வருடாவருடம் ஆடியில் அவர் ஆட்கள் உழும்போது, வரப்பை ஒட்டி ஒரு சால் கூடுதலாகப் போகும். ஒரே ஒரு சால். வரப்பு அரை முழம் இந்தப் பக்கம் வந்துவிடும். கேட்டால் 'மாடு மிரண்டுடுச்சு' என்பார்கள். வருடாவருடம் அதே இடத்தில் மிரளும் மாடு!

அப்பா சண்டை போடவில்லை. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அவர் நிலத்தைத் தாண்டித்தான் வரும். வழியில் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நிற்பார். அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் மொய் எழுதுவார். என் அம்மா 'வாயில்லாத மனுசன்' என்று திட்டாத நாளில்லை. எனக்கும் வெட்கமாக இருக்கும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஒரு அமாவாசை ராத்திரி அப்பா என்னை எழுப்பி அரிக்கேன் விளக்கைக் கையில் கொடுத்தார். கொல்லன் பட்டறையிலிருந்து வாங்கிய கரி ஒரு கூடை, உடைந்த ஓட்டாஞ்சில்லு கொஞ்சம். வரப்பு மூலையில் இருந்த சர்வே கல்லைத் தொடவே இல்லை. அதன் ஓரமாகச் சாய்வாகத் தோண்டி, கல்லுக்கு நேர் கீழே கரியைக் கொட்டி, ஓட்டாஞ்சில்லைப் பரப்பி மூடினார். மூன்று மூலையிலும் அப்படியே. "கல்லு நகரும்டா, கரி நகராது. மக்கவும் மக்காது" என்றார். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

எட்டு வருடம் கழித்து, ஏதோ கடன் விஷயமாக சர்வேயர் சங்கிலி கொண்டுவந்து அளந்தார். அதற்குள் கல்லே இரண்டு இடத்தில் நகர்ந்திருந்தது. அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், அங்கே தோண்டாதீங்க, இங்கே கொஞ்சம் தோண்டிப் பாருங்க" என்றார். கரி வந்தது. நாற்பது ஏக்கர்காரர் ஒன்றும் பேசவில்லை. போனது ஐந்து சென்ட். மூன்று சென்ட் திரும்பியது. மீதி இரண்டில் அவர் கிணற்று மேடு இருந்தது, அப்பா கேட்கவில்லை. மறுநாளும் துண்டை எடுத்துவிட்டு நின்றார்.

பின்லாந்துக்குக் கரி எது என்று கேட்பாய். ஹெல்சிங்கிக்கு அடியில் இருக்கும் பாறையைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். நாடு முழுக்க 50 ஆயிரத்துக்கு மேல் காப்பறைகள், 48 லட்சம் பேர் இறங்கலாம். மொத்த ஜனமே 56 லட்சம்தான். சும்மா கிடந்தால் வீணாகுமே என்று சிலவற்றில் நீச்சல் குளமும் விளையாட்டு அரங்கமும் வைத்திருக்கிறார்கள். இத்தாகெஸ்குஸ் என்ற பகுதியில் பாறைக்குள் குளம். மேலே ஜனாதிபதி மாஸ்கோ விருந்தாளியோடு கைகுலுக்கிக்கொண்டிருக்க, கீழே வெடி வைத்துப் பாறையைக் குடைந்தார்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சியைப் பனிப்போர் முடிந்தபிறகும் நிறுத்தவில்லை. மற்ற ஐரோப்பிய நாடுகள் பல 'இனி எதற்கு' என்று கைவிட்டபோதும் விடவில்லை.

கேலி செய்ய உனக்கு உரிமை இருக்கிறது. வாய்க்கால் யார் நிலம் வழியாக வந்தது என்பதையும் சேர்த்துப் பார் என்றுதான் சொல்கிறேன்.

கே: குருசேவை நீராவிக் குளியலில் உட்கார வைத்துக் காரியம் சாதித்தார்களாமே, நிஜமா? (அரூர்)

ப: நிஜம். 1960 செப்டம்பரில் கெக்கோனெனுக்கு அறுபதாவது பிறந்தநாள். விருந்துக்கு வந்த குருசேவை சௌனாவுக்குள் கூட்டிப்போய் விடியற்காலை வரை பேசினார். அடுத்த வருடம், மேற்கு ஐரோப்பிய வணிகக் கூட்டணியோடு பின்லாந்து சேர மாஸ்கோ தடை சொல்லவில்லை. நம்மூரில் அறுபதாம் கல்யாணத்தில் சம்பந்தி சண்டை தீர்ப்பதுபோல.

கே: அப்படியானால் உக்ரைனும் பணிந்து போயிருக்கலாமே? இவ்வளவு சாவு மிச்சம் ஆகியிருக்குமே? (பர்கூர்)

ப: இப்படி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு காரணம்.

பின்லாந்து பணிந்ததால் தப்பவில்லை. சண்டை போட்டுக் காட்டியபிறகு பணிந்தது. எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் 1939இல், கேட்டதும் சரி என்று தளம் கொடுத்தவை. 1940 ஆகஸ்டில் நாடாகவே இல்லை, சோவியத் குடியரசுகளாகிவிட்டன.

இன்னொன்று, பக்கத்துக்காரன் கேட்பது வரப்பா, பட்டாவா என்று பார்க்க வேண்டும். வரப்பு என்றால் பேசலாம், அரை முழம் விடலாம். 2021 ஜூலையில் புதின் ஒரு நீளக் கட்டுரை எழுதினார். ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்றார். அது, உன் பட்டாவே என் தாத்தா பேரில் இருந்தது என்பது. காகிதமும் உக்ரைனிடம் இருந்தது. 1994இல் புடாபெஸ்டில், தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட, பதிலுக்கு எல்லையை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்துப் போட்டன. இருபது வருடத்தில் கிரிமியா போயிற்று. அவர்கள் கொடுத்துவிட்டது கரியை.

கே: வரப்பு நகர்வதெல்லாம் வயலில் சரி. நாட்டு எல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகருமா? (பாலக்கோடு, தக்காளி விவசாயி)

ப: நகர்கிறது. ஜார்ஜியா என்ற நாட்டைப் பாருங்கள். 2008 ஆகஸ்டில் ஐந்து நாள் சண்டை. அதன்பிறகு நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, தெற்கு ஒசேத்தியாவும் அப்காசியாவும், ரஷ்யப் படையின் பிடியில். கோடு எங்கே என்று சரியாக யாருக்கும் தெரியாத கிராமங்களில் முள்வேலியும் பச்சைப் பலகையும் நட்டுக்கொண்டே வருகிறார்கள். காலையில் எழுந்து பார்த்தால் தோட்டம் அந்தப் பக்கம் போயிருக்கும். குர்வலேத்தி என்ற ஊரில் ஒரு முதியவர் வீடே வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அவர் அந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். மருந்தும் ரொட்டியும் முள்கம்பி வழியாக வாங்கிக்கொள்வாராம். அங்கே மிரள்வதற்கு மாடுகூடக் கிடையாது.

கே: நம்ம ஊர்ச் சரித்திரத்தில் இப்படி ஏதாவது உண்டா வாத்தியாரே? (அதியமான்கோட்டை)

ப: அதியமான்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, சின்ன நாடு. சுற்றிலும் சேரன், சோழன், அந்தப் பக்கம் காஞ்சியில் தொண்டைமான். தொண்டைமானோடு உரசல் வந்தபோது அதியமான் அனுப்பிய தூதுவர் ஔவையார். ஆயுதக் கிடங்கைச் சுற்றிக் காட்டினானாம் தொண்டைமான். ஔவை என்ன சொன்னார்? இங்கே வேலெல்லாம் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கிறது. எங்கள் தலைவன் வேலோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றார். புறநானூறு 95. ஒரு வார்த்தை மரியாதைக் குறைவில்லை. கேட்டவனுக்குத்தான் ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

அப்படிப்பட்ட தூதுவர் இருந்தும் தகடூர் தப்பவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து எடுத்துக்கொண்டான்.

இன்னொன்று என் வீட்டு வாசலிலேயே நடந்தது. பழையபேட்டைக்கு மேலே தெரிகிற கிருஷ்ணகிரிக் கோட்டையை 1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மேக்ஸ்வெல் தலைமையில் ஏறிப் பிடிக்கப் பார்த்தது. மேல்கோட்டை மசியவில்லை. பிடிக்க முடியாமல் போன கோட்டை, அடுத்த மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு போட்ட உடன்படிக்கையில் பாரமகால் என்று அப்போது பெயர் பெற்ற இந்த வட்டாரத்தோடு சேர்ந்து கம்பெனிக்குப் போயிற்று. ஓசூர் பக்கம் 1799 வரை மைசூரிடமே இருந்தது. அந்த ஏழு வருடம் நாட்டு எல்லை நமக்கு நடுவில் ஓடியது. கீழே பேட்டையில் இருந்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கே: இப்போது நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் பின்லாந்துக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்தானே? (ஓசூர்)

ப: 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. மே மாதமே பின்லாந்து விண்ணப்பம் போட்டது. 2023 ஏப்ரல் 4 அன்று சேர்ந்தது. எழுபத்தைந்து வருட ஜாக்கிரதையை மூன்று மாதத்தில் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் 1,340 கிலோமீட்டர் எல்லை அப்படியேதான் இருக்கிறது. 2023 கடைசியில் சாலைச் சோதனைச் சாவடிகளை மூடிவிட்டார்கள். வேலி போடுகிறார்கள். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்து விலக 2025இல் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணிவெடிக்கு சிப்பாய் எது, ஆடு மேய்க்கிற பையன் எது என்று தெரியாது.

எல்லையோர ஊர்களில், இமாத்ரா, லப்பேன்றாந்தா பக்கம், ரஷ்யர்கள் வந்து துணி வாங்கி, காப்பி குடித்துத்தான் கடைகள் ஓடின. இப்போது வரவில்லை. உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில் இரண்டு நாள் பஸ் நின்றால் ஓசூர் ரோஜாவுக்கு என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் நீங்கள். அங்கே வருடக்கணக்காக நிற்கிறது.

கே: போன முறையே கேட்க நினைத்தேன். அந்தக் காவேரிப்பட்டணம் நிலம் இன்னும் இருக்கிறதா, விற்றுவிட்டீர்களா? (போச்சம்பள்ளி)

ப: உங்களுக்கு எங்கள் குடும்பக் கதை முன்பே தெரியும்போல! நாலுவழிச் சாலைக்குப் போய்விட்டது. எங்களுடையது முழுக்க, நாற்பது ஏக்கர்காரருடையதில் ஒரு ஓரம், கிணற்று மேட்டோடு. நஷ்டஈட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட அவருடைய பேரனும் நானும் ஒரே பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். டீ அவன்தான் வாங்கித் தந்தான்.